கணிப்பொறியின் மின்மதகு

மழை பொழிகின்றது. மேட்டு நிலத்தில் விழுந்த நீரெல்லாம் ஓடைகளாய் ஓடிவந்து ஏரியை நிரப்புகின்றது. அந்நீர் அவ்வாறே கழனிக்குள் பாயுமாயின் இளம்பயிர் வேரோடு பெயர்ந்து போகும். சிறிதும் பாயாதாயின் பயிர் வாடி மடியும். ஆதலின், வேண்டும்பொழுது வேண்டும் அளவே நீர் செல்லுமாறு நம் முன்னோர் ஏரிக்கு மதகு அமைத்தனர். மழை மிகுந்து ஏரி நிரம்பும் காலத்தில் கரை உடையாதிருத்தற்பொருட்டுக் கலிங்கும் அமைத்தனர். தேக்குவது ஏரி, அளந்து விடுவது மதகு, மிகுந்ததைக் கழிப்பது கலிங்கு. இம்மூன்றும் செவ்வனே அமைந்த ஊரில் வெள்ளமும் பகையன்று. வறட்சியும் விரைந்து வாட்டாது.

மாணவர்களே! இன்றைய பாடம் ஏரியைப் பற்றியதன்று. பழைய வீட்டுக் கணிப்பொறிகளைப் பற்றியது. ஆயினும், ஏரியையும் மதகையும் கலிங்கையும் நீங்கள் உள்ளத்தில் இருத்திக்கொண்டால், இப்பாடத்தில் அறிதற்கு அரியது ஒன்றும் இராது. கணிப்பொறிக்கு மின்சாரம் ஊட்டும் கருவியிலும் தேக்கும் ஏரி உண்டு. அளந்து விடும் மதகு உண்டு. கலிங்கு மட்டும் சில பொறிகளில் அமையாமற்போயிற்று. அதனால் விளைந்த கேடு யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

முற்காலத்தில் கணிப்பொறி என்பது பெருங்கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பொறி. பல்கலைக்கழகங்களும் அரசாங்க அலுவலகங்களும் பெருவாணிக நிலையங்களுமே அதனை வைத்திருந்தன. 1970-களில் நுண்செயலி என்னும் சிறு சில்லு தோன்றியபின் இந்நிலை மாறிற்று. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஆப்பிள் 2 என்னும் பொறி விற்பனைக்கு வந்தது. 1981இல் இங்கிலாந்தில் சிங்கிளேர் நிறுவனத்தின் இசட்.எக்ஸ். 81, ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ ஆகிய இரண்டும், 1982இல் சிங்கிளேரின் ஸ்பெக்ட்ரமும் அமெரிக்காவின் கமடோர் 64உம் வெளிவந்தன. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகவும், பாட்டுக் கேட்கும் ஒலிநாடாப் பெட்டியை ஏடு காக்கும் பேழையாகவும் கொண்டு இயங்கின. நம் நாட்டிற்கும் பி.பி.சி. மைக்ரோவோடு தொடர்பு உண்டு. 1984ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் வாயிலாக அப்பொறியை முதன்முதலாகக் கண்ட இந்திய மாணவர் பலர்.

"இப்பொறிகளைவிடப் பன்மடங்கு ஆற்றலுடைய கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றதே! பழைய பொறி பழுதானால் என்ன?" என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக ஒரு செய்தி கூறுவேன். 1086ஆம் ஆண்டில், இங்கிலாந்தை வென்று ஆண்ட முதலாம் வில்லியம் மன்னனின் ஆணைப்படி, அந்நாட்டின் ஊர்களையும் நிலங்களையும் பற்றிய பெருங்கணக்கு ஒன்று எழுதப்பட்டது. டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல், புதிய டூம்ஸ்டே ஏடு ஒன்றைப் பி.பி.சி. நிறுவனத்தார் தொகுத்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்குச் செய்தி திரட்டினர். அவர்களுள் பள்ளிச் சிறுவர் சிறுமியர் மிகப் பலர். தாம் வாழும் ஊர், தாம் உண்ணும் உணவு, தாம் விளையாடும் விளையாட்டு ஆகியவற்றை அவர்கள் எழுதி அனுப்பினர். அச்செய்திகளெல்லாம் ஒளித்தட்டுகளில் பதிக்கப்பட்டன. அத்தட்டுகளைப் படித்தற்குப் பி.பி.சி. மாஸ்டர் என்னும் கணிப்பொறியும், அதனோடு இணையும் தனிப்பட்ட தட்டுப்பொறியும் வேண்டியிருந்தன.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2002ஆம் ஆண்டளவில் அத்தகைய பொறிகள் அரியவாகிவிட்டன. 900 ஆண்டுக்கு முன் தோலில் மையினால் எழுதிய ஏட்டை அன்றும் படிக்க முடிந்தது. 16 ஆண்டுக்கு முன் சிறுவர் எழுதிய ஏடோ படிப்பாரற்றுப் போகுமோ என்னும் அச்சம் பிறந்தது. அறிஞர் சிலர் அரிதின் முயன்று அதனை மீட்டனர். நம் நாட்டில் ஓலைச்சுவடிகளைச் செல்லரித்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஓலைக்குச் செல் எப்படியோ, அப்படியே பழைய கணிப்பொறிக்கு மின்னூட்டக் கோளாறு. பொறி கெட்டால் அதனுள்ளும் அதனைச் சார்ந்தும் இருக்கும் எழுத்தும் வாய் மூடிக்கொள்ளும். ஆதலின், பழம்பொறியைக் காத்தல் வீண்வேலையன்று.

இனி, மின்சாரம் பொறிக்குள் செல்லும் வழியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வீடுகளில் அந்நாளில் வழங்கிய மின்னழுத்தம் 240 வோல்ட்டு. அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் மாறுதிசை மின்னோட்டம். கணிப்பொறியின் சில்லுகளோ மிக மென்மையானவை. அவற்றுக்கு வேண்டுவது ஒரே திசையில் ஓடும் 5 வோல்ட்டு மின்சாரம். அவ்வைந்தும் ஏறக்குறைய ஐந்தாக இருத்தல் போதாது. அக்காலச் சில்லுகள் பலவற்றுக்கு 4.75 முதல் 5.25 வரையுள்ள சிற்றெல்லையே விதிக்கப்பட்டிருந்தது. அதனினும் தாழ்ந்தால் பொறி தடுமாறும். 7 வோல்ட்டைக் கடந்தால் சில்லு மாய்ந்துபோகவும் கூடும். 240ஐ 5 ஆக்கி, அவ்வைந்தையும் அசையாமல் நிறுத்துவது எளிய செயலன்று.

அச்செயல் நான்கு படிகளில் நிகழ்கின்றது. முதற்படியில் மின்மாற்றி, 240 வோல்ட்டை 9 வோல்ட்டளவிற்குத் தாழ்த்துகின்றது. இரண்டாம் படியில் மின்திருத்தி, முன்னும் பின்னும் அலையும் மின்னோட்டத்தை ஒரே திசையில் செல்லுமாறு திருப்புகின்றது. ஆயினும், திருப்பப்பட்ட மின்சாரம் சீராக வருவதில்லை. நொடிக்கு 100 முறை எழுந்தும் விழுந்தும், விட்டு விட்டுப் பெய்யும் மழையைப் போல வருகின்றது. அம்மழையைத் தாங்கிக்கொள்வது மூன்றாம் படியில் நிற்கும் மின்தேக்கி. இப்பெயரின் பொருத்தத்தை நோக்குக. தேக்குவது தேக்கி, மின்சாரத்தைத் தேக்குவது மின்தேக்கி. அதுவே நாம் கூறிய ஏரி. அலை உயரும்பொழுது அது நிரம்புகின்றது. அலை தாழும்பொழுது தன்பால் உள்ளதைக் கொடுத்து இடைவெளியை நிரவுகின்றது. நான்காம் படியில் நிற்பது மின்னழுத்தச் சீராக்கி. அதுவே மதகு. முன்புறம் வரும் அழுத்தம் 9 ஆயினும் 10 ஆயினும் 12 ஆயினும், பின்புறம் செல்வது 5 ஆகவே இருக்குமாறு அது காக்கின்றது.

பழைய வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில் இம்மதகுப் பணியை ஆற்றியது 7805 என்னும் எண் பெற்ற சிறு சில்லு. அதற்கு மூன்று கால்கள். ஒரு கால் வழியாக மின்சாரம் உள்ளே வரும். ஒரு கால் வழியாகச் சீர்பெற்று வெளியே செல்லும். நடுக்கால் தரையிணைப்போடு கூடியிருக்கும். எளியது, மலிவானது, மிகுதியாகச் சூடேறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் இயல்பும் உடையது. எனினும், அதனிடம் ஒரு குறை உண்டு. மிகுந்த அழுத்தத்தை அது வேறு பயனுக்குத் திருப்புவதில்லை; வெப்பமாக்கிக் கழித்துவிடுகின்றது.

ஒரு சிறு கணக்கால் இதனை அறியலாம். சீராக்கிக்கு 9 வோல்ட்டு வருவதாகவும், அது 5 வோல்ட்டு தருவதாகவும், ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர் எனவும் கொள்வோம். குறைக்கப்பட்ட 4 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கினால் 4 வாட்டு. கணிப்பொறிக்குப் பயன்படுவது 5 வாட்டு. ஆகவே, 9 வாட்டு வாங்கி அதில் 4 வாட்டை வெப்பமாக வீணாக்குகின்றது இம்மதகு. விரல் நுனியளவுள்ள பொருளில் 4 வாட்டு வெப்பம் எழுமாயின் அது எவ்வளவு சுடும்! அவ்வெப்பத்தை வாங்கிப் பரப்புதற்காக ஓர் உலோகத் தகட்டில் சீராக்கியைத் திருகிவைப்பர். ஸ்பெக்ட்ரம் பொறியில் அத்தகடு விசைப்பலகைக்கு அடியில் இருந்தது. நெடுநேரம் பொறியை இயக்கிய சிறுவர்கள், விசைகளின்மேல் வைத்த விரலாலேயே அச்சூட்டை உணர்ந்தனர்.

வெப்பமே முதற்பகை. சீராக்கியைப் பக்கத்தில் நின்று சுடும் வெப்பம், அதன் அருகிலுள்ள மின்தேக்கியையும் வாட்டுகின்றது. மின்தேக்கியினுள் அலுமினியத் தகடுகளும், மின்பகு நீர்மத்தில் தோய்ந்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நீர்மம் உலர்கின்றது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் மிகுந்தால் அதன் வாழ்நாள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. நீர்மம் உலர்ந்த மின்தேக்கி, தூர்ந்த ஏரியைப் போன்றது. வெளித்தோற்றத்தில் ஏரிதான், கொள்ளும் நீரோ சிறிது.

ஏரி தூர்ந்தால் மதகு என்ன செய்யும்? 7805 தன் பணியைச் செய்தற்கு உள்வரும் அழுத்தம் 7 வோல்ட்டேனும் இருத்தல் வேண்டும். மின்தேக்கி தளர்ந்தபின், அலை தாழும் ஒவ்வொரு நொடிப்பகுதியிலும் அழுத்தம் ஏழிற்குக் கீழே இறங்குகின்றது. உடனே வெளிச்செல்லும் ஐந்தும் தாழ்கின்றது. இங்ஙனம் நொடிக்கு 100 முறை தாழ்ந்தால், திரையில் கறுப்புப் பட்டைகள் தவழும்; ஒலியில் வண்டு முரல்வதுபோன்ற இரைச்சல் எழும்; கணக்கின் நடுவே பொறி திகைத்து நின்றுவிடும். பலர் இக்குறிகளைக் கண்டு நுண்செயலி கெட்டதென்று கருதுவர். நோய் தலையில் அன்று, வயிற்றில்!

இதுவரை கூறியது வறட்சி. இனி வெள்ளத்தைக் காண்போம். வறட்சியால் பொறி தடுமாறும். ஆனால் பெரும்பாலும் மீளும். வெள்ளத்தால் வரும் கேடோ மீளாதது. கமடோர் 64 இதற்குத் தக்க சான்று. அதன் மின்னூட்டக் கருவி, செங்கல்லைப் போன்ற தனிப்பெட்டியாகப் பொறிக்கு வெளியே இருந்தது. அப்பெட்டியிலிருந்து 5 வோல்ட்டு நேர்மின்னோட்டமும் 9 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டமும் பொறிக்குச் சென்றன. அப்பெட்டிகள் பலவற்றின் உள்ளிடம் முழுவதும் பிசினால் நிரப்பி இறுக்கப்பட்டிருந்தது. அதனால் வெப்பம் எளிதில் வெளியேற இயலவில்லை. பழுது நேர்ந்தால் திறந்து பார்க்கவும் வழியில்லை.

சீராக்கி நாளடைவில் கெடும்பொழுது இரண்டு வகையாகக் கெடலாம். முற்றிலும் அடைபட்டுப்போவது ஒருவகை. அப்பொழுது மின்சாரம் செல்லாது, பொறி இயங்காது, அவ்வளவே. உள்வாயிலும் வெளிவாயிலும் ஒன்றாகிவிடுவது மற்றொரு வகை. அப்பொழுது உள்ளே வரும் உயர்ந்த அழுத்தம் தடையின்றி வெளியே பாயும். நடுக்கால் தரையிணைப்பினின்று விடுபட்டாலும் இதுவே நிகழும். எதனை அளவாகக் கொண்டு 5 என்று நிறுத்துவது என்பது சீராக்கிக்குத் தெரியாமற்போகும். மதகின் பலகை முறிந்தது, கலிங்கோ இல்லை. வெள்ளம் நேரே கழனியில் பாய்கின்றது. அப்பொறியின் 64 கிலோபைட்டு நினைவகம், அதன் பழைய வடிவங்களில், எட்டுச் சில்லுகளாய் அமைந்திருந்தது. அச்சில்லுகளே பெரும்பாலும் முதற்பலியாவன. திரை கறுத்து நிற்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், புகையும் இராது, ஓசையும் இராது.

நினைவகச் சில்லுகளை இன்றும் தேடிப் பெறலாம். ஆனால், அப்பொறிக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒலிச்சில்லும் படச்சில்லும் அத்தகையன அல்ல. பாப் யான்னஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த அதன் ஒலிச்சில்லு, இசை வல்லாராலும் போற்றப்பட்டது. கமடோர் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் மறைந்தது. அச்சில்லுகளை அன்று செய்தவாறே செய்வார் இன்று இலர். இருப்பனவற்றுள் ஒன்று மாய்ந்தால், உலகில் ஒன்று குறைந்தது என்பதே பொருள்.

இவ்விடத்தில் மற்றொரு நுட்பமும் அறியத்தக்கது. கமடோர் 64இன் முகப்பில் சிவந்த சிறு விளக்கு ஒன்று உண்டு. அது 5 வோல்ட்டு வழியில் எரிவது. 9 வோல்ட்டு வழியிலுள்ள உருகி அறுந்துபோனால், அவ்வழியினின்று உயிர்பெறும் படச்சில்லு இயங்காது, திரை வெறுமையாகும். ஆயினும், விளக்கு மட்டும் முன்போலவே எரிந்துகொண்டிருக்கும். "விளக்கு எரிகின்றது, ஆதலின் மின்னூட்டம் நன்றாக இருக்கின்றது" என்று எண்ணுவோர் ஏமாந்துபோவர். வாயில் விளக்கைக் கண்டு வீட்டில் உலை கொதிக்கின்றது என்று துணியலாமோ?

ஸ்பெக்ட்ரம் பொறியின் சிக்கல் வேறு வகையானது. அதன் முதல் 16 கிலோபைட்டு நினைவகத்திற்கு 4116 என்னும் சில்லுகள் எட்டினைப் பயன்படுத்தினர். அச்சில்லுக்கு ஒரே அழுத்தம் போதாது; 5 வோல்ட்டு, 12 வோல்ட்டு, அவற்றோடு எதிர்மின் 5 வோல்ட்டு என மூன்றும் வேண்டும். அவற்றுள் எதிர்மின் அழுத்தமே முதலில் வந்து இறுதியில் போதல் வேண்டும். அது வாராமல் 12 மட்டும் வந்தால் சில்லு கெடும். இவ்விரண்டு அழுத்தங்களையும் ஆக்குவதற்கு ஒரு கம்பிச்சுருளும் டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த சிறு சுற்று, பொறிக்குள் அமைக்கப்பட்டிருந்தது. பொறி இயங்கும்பொழுதே பின்புறத்தில் ஏதேனும் துணைக்கருவியைச் செருகினால், அச்சுற்றின் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும் நிலை பலகால் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து நினைவகமும் மாயும். அப்பொறியில் மின்விசை நிறுத்தும் குமிழே இல்லை. செருகியைப் பிடுங்கித்தான் அதனை அணைத்தல் வேண்டும். அதன் செருகியிலும் ஒரு விலக்கு உண்டு. பொதுவாக வழங்கும் செருகிகள் பலவற்றில் நடுமுனை நேர்மின்முனை. ஸ்பெக்ட்ரத்தின் செருகியிலோ நடுமுனை எதிர்மின்முனை. வடிவம் ஒத்ததென்று பிறிதொரு மின்னூட்டியைச் செருகினால் மின்சாரம் தலைகீழாகச் செல்லும். வடிவம் ஒத்தல் வேறு. இயல்பு ஒத்தல் வேறு.

இவ்வெப்பத் தொல்லையினின்று விடுபட மற்றொரு வழியைக் கண்டனர். 1977இல் வந்த ஆப்பிள் 2 பொறிக்கு ராட் ஹோல்ட்டு என்னும் பொறியாளர் அமைத்த மின்னூட்டக் கருவி அவ்வழியைச் சார்ந்தது. அதனை நிலைமாற்றி மின்னூட்டி எனலாம். அதில் வீட்டு மின்சாரத்தை நேரே ஒருதிசையாக்கி, அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டும் நிறுத்தியும் சிறு மின்மாற்றியின் வழியே செலுத்துவர். வேண்டுவது மிகுந்தால் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவர், குறைந்தால் குறைப்பர். மதகை அரைகுறையாகத் திறந்து நீரைக் கரையில் சிதறவிடாமல், முழுதும் திறந்தும் முழுதும் மூடியும் அளவு செய்வது போன்றது இது. மிகுந்தது வெப்பமாக வீணாவதில்லை. கருவியும் எடை குறைந்து நிற்கும். பி.பி.சி. மைக்ரோவிலும், தொடக்கத்தில் பழைய முறை மின்னூட்டியை வைத்து, அது மிகுதியாகச் சூடேறியமையால், விரைவில் இப்புதுமுறைக்கு மாறினர்.

புதுமுறைக்கும் முதுமை உண்டு. பி.பி.சி. மைக்ரோவின் மின்னூட்டியில், வெளியே செல்லும் மின்னிரைச்சலை அடக்குதற்காக, மின்சாரம் நுழையும் வாயிலிலேயே தாளாலாகிய மின்தேக்கிகளை வைத்தனர். அவற்றின் மேலோடு ஆண்டுகள் பல கழிந்தபின் வெடிப்புறுகின்றது. வெடிப்பின் வழியே காற்றின் ஈரம் உள்ளே புகுகின்றது. பரண்மேல் பல்லாண்டு உறங்கிய பொறியை ஒருநாள் எடுத்து மின்சாரம் செலுத்துவர்; அது சிறிது நேரம் நன்றாகவே இயங்கும்; பின்னர்த் திடீரென்று வெடியோசையும் கடும்புகையும் பொறுக்கலாகாத நாற்றமும் எழும். அச்சத்தை விளைப்பினும், இக்கேடு பெரும்பாலும் அம்மின்தேக்கியோடு ஒழியும்; சில்லுகள் பிழைக்கும். ஓசையின்றி வரும் கேடே பெரிது. ஓசையோடு வருவது சிறிது.

இங்கிலாந்தில் ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வில்லத்து மகள், மறைந்துபோன தன் தந்தையின் பழம்பொருள்களுக்கிடையே ஒரு கமடோர் 64ஐயும், அவர் கையெழுத்தில் பெயர் எழுதிய சில ஒலிநாடாக்களையும் காண்கின்றாள். தந்தை தானே இயற்றிய நிரல்கள் அவற்றில் உள்ளன. பொறியும் இருக்கின்றது, மின்னூட்டப் பெட்டியும் இருக்கின்றது. உடனே இணைத்து இயக்கிப் பார்க்க அவள் கை விரைகின்றது. அவள் செய்யத்தக்கது யாது?

முதலாவது, பொறியை இணைத்தலாகாது. பெட்டியை மட்டும் மின்சாரத்தில் இணைத்து, அதன் முனைகளில் பன்னளவியால் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். 5.25ஐ மிகுந்து காட்டினால், அப்பெட்டியை அன்றே ஒதுக்கிவிடல் வேண்டும். 5 என்று காட்டினாலும் நம்பிவிடல் ஆகாது. சுமையின்றி 5 காட்டிய பெட்டி சுமை ஏற்றியதும் தாழலாம். குளிர்ந்திருக்கையில் 5 காட்டியது, சூடேறியபின் உயரவும் உயரலாம். ஆதலின், ஏற்ற அளவுள்ள மின்தடையைச் சுமையாக இணைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது அறிவுடைமை. இவற்றினும் சிறந்தது, பழைய பெட்டியை நினைவுப்பொருளாக வைத்துவிட்டு, புதிதாகச் செய்த மின்னூட்டியைப் பயன்படுத்துவதே.

இரண்டாவது, பொறிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கலிங்கு அமைத்தல் வேண்டும். மிகையழுத்தக் காப்புச் சுற்று என்பது அதன் பெயர். அழுத்தம் குறித்த எல்லையைக் கடந்தவுடனே மின்வழியைத் துண்டித்துவிடும் வகை ஒன்று. இரண்டு கம்பிகளையும் குறுக்கே இணைத்து, உருகியை உருகச்செய்து, அதனால் பொறியைக் காக்கும் வகை மற்றொன்று. கம்பிகளின் குறுக்கே இரும்புக் கடப்பாரையைப் போட்டாற்போலச் செயற்படுவதால், இதனைக் கடப்பாரைச் சுற்று என்று பொறியாளர் வழங்குவர். சில காசு பெறும் உருகி தன்னை அழித்துக்கொண்டு, விலைமதிப்பற்ற சில்லுகளைக் காப்பாற்றுகின்றது.

மூன்றாவது, பொறிக்குள் இருக்கும் முதுமையடைந்த மின்தேக்கிகளைத் தேர்ந்த தொழில்வல்லாரைக் கொண்டு மாற்றுவித்தல் வேண்டும். சீராக்கியின் திருகு தளர்ந்து தகட்டினின்று விலகியிருந்தால், அதனை இறுக்கி, இடையில் வெப்பம் கடத்தும் பசை இடுதல் வேண்டும். 7805இன் இடத்தில், அதன் மூன்று கால்களையே உடையதாய், நிலைமாற்று முறையில் இயங்கிச் சூடேறாதிருக்கும் சிறு சீராக்கிகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்துவாரும் உளர். பழைய உறுப்பை அவ்வாறே வைத்தல் வேண்டும் என்பாரும் உளர். அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கும் பொறியாயின் பின்னவர் கூற்றுப் பொருந்தும். நாள்தோறும் இயக்கும் பொறியாயின் முன்னவர் கூற்றே நன்று. நம் கற்பனையில் வந்த அம்மகளுக்கு வேண்டுவது தந்தையின் நிரல் மீண்டும் திரையில் ஓடுதல். ஆதலின், அவள் புதிய மின்னூட்டியையே கொள்வாளாக!

இங்கு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. மின்னூட்டப் பெட்டியை நீங்களே திறத்தல் கூடாது. 240 வோல்ட்டு மாறுதிசை மின்சாரத்தை நேரே ஒருதிசையாக்கும் பொழுது, மின்தேக்கியில் 340 வோல்ட்டளவு அழுத்தம் தேங்கும். செருகியைப் பிடுங்கியபின்னும் அத்தேக்கம் சிறிது நேரம் நிற்கும். மழை நின்றபின்னும் ஏரியில் நீர் நிற்கின்றதன்றோ? ஆழம் அறியாது ஏரியில் இறங்குவதும், மின்தேக்கியில் கை வைப்பதும் ஒன்றே. கற்றாரைத் துணைக்கொண்டே இத்தொழிலைப் பயிலுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறிவன யாவை? பொறியின் பெருமையைப் பேசுவோர் அதன் நுண்செயலியைப் பேசுவர்; நினைவகத்தைப் பேசுவர்; திரையில் தோன்றும் வண்ணங்களைப் பேசுவர். மூலையில் சூடேறிக்கொண்டு நிற்கும் மூன்று கால் சீராக்கியை யாரும் பேசுவதில்லை. ஆயினும், அது தன் கடமையில் தவறிய அந்நொடியில் பெருமை பேசப்பட்ட அனைத்தும் மாய்கின்றன. ஊரின் விளைச்சலைப் புகழ்வோர் நெல்லைப் புகழ்வர். நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு மதகைக் காத்து நின்றவனை நினைப்பவர் சிலரே.

மற்றொன்றும் உண்டு. இப்பொறிகளை ஆக்கியோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். சிறுவர் கைக்கும் எட்டும் விலையில் கணிப்பொறியைத் தரவேண்டும் என்பது அவர்தம் நோக்கம்; அதற்காக ஒவ்வொரு காசையும் எண்ணி எண்ணிச் செலவிட்டனர். இரண்டோ மூன்றோ ஆண்டு உழைத்தால் போதும் என்று கருதிய பொருளை, 40 ஆண்டு கடந்தும் மக்கள் போற்றி இயக்குவர் என்று அவர்கள் எங்ஙனம் அறிவர்? அவர்கள் விட்டுச்சென்ற கலிங்கை அமைப்பது நம் கடன். இங்கிலாந்தின் பிளெட்சிலி பூங்காவிலும், கேம்பிரிட்சிலும், அமெரிக்காவின் மவுண்டன் வியூவிலும் உள்ள கணிப்பொறி அருங்காட்சியகங்களில் பழம்பொறிகள் பல பேணிக் காக்கப்படுகின்றன. அறிவுடையோர் அங்கே ஒரு பழம்பொறிக்கு மின்சாரம் செலுத்துமுன் முதலில் கையில் எடுப்பது பன்னளவியையே.

மாணவர்களே! நும் வீட்டுப் பரண்மேலும் பழைய பொறி ஏதேனும் இருக்கலாம். அது கணிப்பொறியாயினும் ஆகுக, வானொலியாயினும் ஆகுக. அதனைக் கண்டவுடன் இயக்கிப் பார்க்கும் ஆவல் எழும். அவ்வாவலை ஒரு நாழிகை அடக்கி, முதலில் அளந்து பார்மின், பின்னர் இணைமின். விரைவினால் இழந்ததை வருந்தி மீட்டல் அரிது; பொறுமையால் காத்ததோ நெடுங்காலம் நின்று பயன் தரும்.